சினத்தின் பெயரும் சினத்தின் காரணமும்

ஓர் ஆங்கிலப் பெயரடையைப் பற்றிப் பேச கேரள-தமிழ்நாட்டு எல்லை ஊரான இந்த மீனாட்சிபுரம் பொருத்தமான இடம். ஒரு சொல் பக்கத்து மொழிக்குள் போனதும் அதன் எடை மாறிவிடும் என்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையாளத்தில் தாய் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் சின்னக் கோபமும் ‘தேஷ்யம்’தான். அந்தச் சொல் வடமொழித் துவேஷத்தின் உறவு. தமிழிலோ துவேஷம் என்றால் சாதித் துவேஷம், மதத் துவேஷம் என்று ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் வைத்திருக்கும் பகை. ஒரு வீட்டில் பத்து நிமிடத்தில் ஆறிவிடும் கோபத்துக்கும் அடுத்த வீட்டில் தலைமுறை கடந்த வெறுப்புக்கும் ஒரே வேர். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலச் சொல் ‘மேட்’ (mad). அகராதியில் பைத்தியம், கடுங்கோபம், நாய்க்குப் பிடிக்கும் வெறி, அளவு மீறிய ஆசை, மடத்தனம் என்று அதன் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. கோபமும் பைத்தியமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதால் என்ன நேர்கிறது என்பதே என் கேள்வி. கோபத்துக்கு மனிதர் இடும் பெயர்கள் இரண்டு பக்கம் பார்ப்பவை. சில பெயர்கள் கோபப்பட்டவரின் மனத்தைப் பார்க்கின்றன. சில பெயர்கள் அவருக்கு நேர்ந்த கேட்டைப் பார்க்கின்றன. பொதுவாழ்வில் முதல் வகைப் பெயர்களே ஆட்சி செய்தால் கேடு செய்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார். இதைத்தான் நான் நிறுவ முயல்கிறேன்.

முதலில் சொல்லின் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் இது ‘பித்துப்பிடிக்கச் செய்யப்பட்ட’ என்ற பொருளில் ஒரு பெயரெச்சம்போல் தொடங்கியது. இதன் ஜெர்மானிய உறவுச் சொல் ஒன்று, கோத்திக் மொழியில், ஊனமுற்றவன், உறுப்புக் கெட்டவன் என்ற பொருளில் கிடைக்கிறது. அதாவது வேரில் இருப்பது உடலுக்கு வந்த சேதம். அது பின்னர் மனத்துக்கு வந்த சேதமாகியது. இடைக்கால ஆங்கிலத்திலேயே கட்டுக்கடங்காத சினத்தையும் குறிக்கலாயிற்று. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தில், இந்த இரண்டு பொருளும் சில வசனங்கள் இடைவெளியில் வருகின்றன. 11ஆம் வசனத்தில், கைதியாக நிறுத்தப்பட்ட பவுல், தாம் முன்பு கிறிஸ்தவர்கள்மேல் கொண்டிருந்த மூர்க்கத்தைச் சொல்கிறார். 24ஆம் வசனத்தில் ஆளுநர் பெஸ்து, படிப்பு மிகுந்து உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார். இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் அதே பெயரடைதான். தமிழில் பெயர்த்தவர்களால் அப்படி ஒரே சொல்லைப் போட்டுக் கடக்க முடியவில்லை. ஒரு கொடுமைக்காரனின் வெறிக்கும், நேர்மையாகப் பேசும் கைதியின் மேல் அதிகாரி சுமத்தும் பழிக்கும் இடையே இருக்கும் தூரத்தைத் தமிழ் வாசகர் காண்கிறார். ஆங்கில வாசகர் அதைச் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இந்தச் சொல் ஒரே போக்கில் போகவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா சென்று, அந்நாட்டு விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான ஜான் விதர்ஸ்பூன், 1781இல் அமெரிக்க ஆங்கிலத்தின் வழக்குகளைப் பற்றி எழுதியபோது, கோபத்துக்கு இந்தச் சொல்லை ஆள்வது நல்ல பேச்சாளர் வழக்கன்று என்று குறைபட்டார். அவர் குறைபட்டும் அமெரிக்கப் பேச்சு அதை விடவில்லை. இன்றும் அங்கே பள்ளிப்பிள்ளை நண்பனிடம் கோபித்துக்கொண்டால் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. லண்டனில் அதையே சொன்னால் பைத்தியம் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். சொல்லோடு ஒட்டி வரும் முன்னிடைச்சொல்தான் பொருளைப் பிரிக்கிறது. ‘அட்’ வந்தால் ஒருவர்மேல் கோபம். ‘அபவுட்’ வந்தால் கிரிக்கெட்டின் மேலோ பாட்டின் மேலோ தீராத மோகம். நமக்கு வேற்றுமையுருபும் ‘மேல்’ என்ற சொல்லும் செய்யும் வேலையை அங்கே அந்தச் சின்னச் சொற்கள் செய்கின்றன. இந்த இடத்தில் ஒரு தடை எழும்: இன்றைய அமெரிக்கச் சிறுமி இந்தச் சொல்லைச் சொல்லும்போது பைத்தியத்தை நினைப்பதே இல்லையே, வேரைத் தோண்டி இன்றைய பொருளைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஒரு சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில்தான் இருக்கிறது. தன்னைப் பற்றித் தானே ‘எனக்குக் கோபம்’ என்று சொல்லும்போது எந்தச் சொல்லாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் அதிகாரமற்றவரின் கோபத்துக்குப் பெயரிடும்போது நிலைமை வேறு. பெஸ்து பவுலுக்குச் செய்தது அதுதான். சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோபத்தைப் பித்தின் சாயலில் பார்ப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று. ரோமானியரிடம் அது வலுவாக இருந்தது. கவிஞர் ஹோரஸும், சினத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய செனகாவும் அதைக் குறுகிய காலப் பித்தாகவே கண்டார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில், சொற்கலை பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில், வேறு வழியில் போயிருந்தார்: தகாத முறையில் தன்னை ஒருவர் இழிவாக நடத்தினார் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கும், வலி கலந்த பழிவாங்கும் விருப்பமே கோபம் என்றார். அந்த வரையறையில் கோபக்காரரின் அருகிலேயே அவரை இழிவுபடுத்தியவரும் நிற்கிறார். ஆகவே நான் கிழக்கையும் மேற்கையும் மோதவிடவில்லை. இரண்டு பார்வைகளும் எல்லா இடத்திலும் உண்டு.

தமிழில் இரண்டாவது பார்வையை மிகத் துல்லியமாகச் சொன்ன நூல் தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் ஏழாவது வெகுளி. அது பிறக்கும் இடங்கள் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பறை என்பது கை, கண் முதலிய உறுப்புகளைக் குறைத்தல் என்றும், குடிகோள் என்பது மனைவிக்கும் சுற்றத்துக்கும் குடிப்பிறப்புக்கும் கேடு சூழ்தல் என்றும், அலை என்பது கோல்கொண்டு அடித்து வருத்துதல் போன்றவை என்றும் பழைய உரையாசிரியரான பேராசிரியரின் உரை விரிக்கிறது. கொலை என்பதற்கு அவர் சொல்லும் பொருள் இன்னும் வியப்பானது: ஒருவருடைய அறிவையும் புகழையும் கொன்று பேசுதல். கண் சிவத்தல், பல் கடித்தல் போன்ற உடற்குறிகளில் ஒன்றுகூட இந்த நான்கில் இல்லை. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் இப்படி நான்கு நான்கு காரணங்கள் சொல்வது தொல்காப்பியரின் பொதுமுறைதானே, வெகுளிக்கு மட்டும் என்ன சிறப்பு என்று இலக்கணம் கற்றவர் கேட்பார். உண்மை, முறை பொதுவானது. ஆனால் மற்றப் பட்டியல்களோடு இதை அடுத்து வைத்துப் பாருங்கள். அழுகைக்குச் சொன்ன இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றுள் இழவும் வறுமையும் எவருடைய குற்றமும் இல்லாமலே வரலாம். அச்சத்துக்குச் சொன்ன அணங்கும் விலங்கும் மனிதரே அல்ல. வெகுளியின் நான்கு மட்டும் ஒன்றுவிடாமல் ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கும் தீங்குகள். மனிதர் செய்த தீங்கு இல்லாமல் வெகுளி இல்லை என்பது அந்தப் பட்டியலின் உட்கருத்து. இதைவிடத் தெளிவான ஒரு கூற்றை இந்தப் பொருளில் நான் கண்டதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு தமிழுக்குள்ளிருந்தே வரும். ‘வெறி’ என்ற சொல் இல்லையா? ஆங்கிலச் சொல் செய்யும் எல்லா வேலையையும் அது செய்கிறதே: வெறிநாய், கொலைவெறி, சாதிவெறி, சினிமா வெறி. இப்போது ‘வெறித்தனம்’ பாராட்டாகவும் ஆகிவிட்டது. ‘ஆத்திரம்’ இல்லையா? நோயுற்றவனையும் துன்புற்றவனையும் குறிக்கும் வடமொழி ‘ஆதுர’த்திலிருந்து வந்து, அவசரமாகி, கோபமான சொல் அது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ‘ஆவேசம்’ என்றால் ஏதோ ஒன்று உள்ளே புகுந்து ஆட்டுவது. இவை எல்லாம் மனத்தைப் பார்க்கும் பெயர்களே. தமிழ் இதில் ஆங்கிலத்துக்குச் சளைத்ததன்று. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் சுட்டுவேன். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. தலைவி உடல் மெலிகிறாள்; தாய் அதை முருகனால் வந்த வருத்தம் என்று எண்ணி பூசாரியான வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். உண்மைக் காரணம் தலைவனின் பிரிவு என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். காரணம் தவறாகக் கணிக்கப்படுகிறது என்பதிலேயே அந்தத் துறையின் உயிர் இருக்கிறது; தோழி அறத்தொடு நின்று உண்மையை உடைக்கும்போதுதான் சிக்கல் அவிழ்கிறது. வெறி என்று பெயர் சூட்டும் இடத்தில் காரணம் தப்பிப்போகும் என்பதை நம் புலவர்கள் அறிந்தே பாடியிருக்கிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது, காரணம் தானே வெளிவரும் என்று சொல்வோருக்கு மலபார் மாவட்டத்தின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றைக் காட்டுவேன். இன்றைய பாலக்காட்டின் பெரும்பகுதி அன்று சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்தது. நாம் அமர்ந்திருக்கும் சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தின் துண்டு நிலமாக இருந்தது. மலபாரின் ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களில் மாப்பிள்ளை முஸ்லிம் குடியானவர்கள் நிலவுடைமையாளர்மேலும் அதிகாரிகள்மேலும் அடுத்தடுத்துத் தாக்குதல் நடத்தினார்கள். காரணம் அறிய 1852இல் சிறப்பு ஆணையராக அமர்த்தப்பட்ட டி.எல். ஸ்ட்ரேஞ்ச், நிலக்கொடுமை காரணமில்லை, மதவெறியே காரணம் என்று முடிவு செய்தார். அதையொட்டி 1854இல் கூட்டு அபராதமும் சொத்துப் பறிமுதலும் விதிக்கும் சட்டம் வந்தது. போர்க்கத்தி வைத்திருப்பதற்குத் தடை வந்தது. மறு ஆண்டே மாவட்ட ஆட்சியர் கனோலி தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கலகங்கள் ஓயவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1881இல், மலபார் அதிகாரி வில்லியம் லோகனிடம் அதே கேள்வி ஒப்படைக்கப்பட்டது. அவர் குத்தகை ஆவணங்களையும் குடியானவர் மனுக்களையும் பார்த்தார். மறு ஆண்டு தந்த அறிக்கையில், ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளரின் உரிமையை வரம்பற்றதாக்கி, குத்தகைதாரரை எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்றாக்கிய ஆங்கிலேய நீதிமன்றங்களின் போக்கைக் காரணமாகச் சுட்டினார். 1887இல் குத்தகைதாரர் நிலத்தில் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு தரும் சட்டம் இயற்றப்பட்டது. அது போதுமானதாக இல்லை என்பது வேறு. பின்வந்த வரலாற்றாசிரியர்கள், மத உணர்வுக்கும் அதில் பங்குண்டு, நிலத்தை மட்டும் சொல்லி முடிக்க முடியாது என்று காட்டினார்கள். அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று தெளிவு: ‘வெறி’ என்று எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது அபராதச் சட்டம், ‘குத்தகை’ என்று எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது இழப்பீட்டுச் சட்டம். ஒரே மக்கள், ஒரே கலகங்கள். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் எத்தனை உயிர்கள் போயின என்று எண்ணும்போது, பெயரில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. காரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கோபத்தில் செய்த கொலையையும் நியாயப்படுத்திவிடுவோமே? வள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்து, வலியவரிடமும் காட்டாதே, எளியவரிடமும் காட்டாதே என்றாரே? அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தன் சினத்தைத் தான் காக்கும் ஒருவருக்கு அது சொல்லப்பட்டது. பிறருடைய சினத்துக்குத் தீர்ப்பெழுத உட்காருபவருக்கு வேறு கடமை இருக்கிறது. காரணத்தை அறிவது வேறு, விடுவிப்பது வேறு. நம் குற்றவியல் சட்டம் இந்த வேறுபாட்டை ஒரு வகையில் அறிந்தே இருக்கிறது. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் தன்வசமிழந்து செய்த கொலை, கொலைக்குற்றத்திலிருந்து குறைந்த குற்றமாகிறது. தண்டனை உண்டு, ஆனால் குறையும். இந்த விதியிலும் ஒரு பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது: கோபம் என்றால் கணநேரப் பித்து, ஆறினால் போயிற்று. 1961 நவம்பரில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லை இறுகப் பிடித்தது. சினம் தணிய நேரம் இருந்தது என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்த வழக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய பெண்ணின் கோபம் எந்தக் கணத்தில் திடீரென்று வந்தது என்று கேட்பது எப்படி? நெடுநாள் மனத்தில் நிற்கும் சினத்துக்குத் தமிழில் ‘செற்றம்’ என்று தனிப்பெயர் உண்டு. கறுவுதல் என்று வினையும் உண்டு. சட்டத்திடம் அதற்குப் பெயர் இருக்கவில்லை. 1989இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவனின் நீடித்த கொடுமைக்கு ஆளாகிப் பிள்ளைகளோடு சாக முயன்று தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நீடித்த ஆத்திரமூட்டல் என்ற கருத்தை ஏற்றது. அதை விளக்க நீதிமன்றம் கைக்கொண்டது நம் நாட்டுப்புறக் கதைப்பாடலின் நல்லதங்காள் பெயர். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையைக் கேட்ட எவரும் அவளைப் பைத்தியம் என்று சொன்னதில்லை. பஞ்சத்தையும், வாசல் அடைத்த அண்ணியையும்தான் சொல்வார்கள். சட்டநூலில் இல்லாத ஒரு பார்வையைக் கதைகேட்ட மக்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாய்க்குத் தன் பிள்ளைகளைக் கொல்ல உரிமை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நடந்ததைக் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது என்பதே பேச்சு.

இனி நம் ஊராட்சிக்கு வருகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பிளாச்சிமடாவில், பெருமாட்டி ஊராட்சியில், 2000இல் கோக்ககோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கிணற்றுநீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாததாகிவிட்டது என்று சுற்றியிருந்த குடியிருப்புகளின் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. ஆலை தந்த கழிவுச்சேற்றை உழவர்கள் உரமாகப் போட்டிருந்தார்கள், 2003இல் பி.பி.சி. வானொலி அதை பிரிட்டனில் சோதிக்கச் செய்தபோது ஈயமும் காட்மியமும் இருந்தது தெரிந்தது. கேட்டுக்குத் தான் காரணமில்லை என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்துவந்தது. ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி நீர் எடுக்க அனுமதித்தது. அதற்குள், 2004 மார்ச்சிலேயே, உற்பத்தி நின்றிருந்தது.

இந்தப் பெண்களின் கோபத்துக்கு என்ன பெயர்? நாளிதழ்களில் நமக்குப் பழகிய தொடர் ஒன்று உண்டு: ‘ஆத்திரமடைந்த பொதுமக்கள்’. சாலை மறியலுக்கும் அதுவே, காலிக்குட ஊர்வலத்துக்கும் அதுவே. அந்தப் பெயரடை நம்மிடம் சொல்வது பொதுமக்கள் நிலைதவறினார்கள் என்பதை மட்டும்தான். பிளாச்சிமடாவில் ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? நாள்தோறும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த கோபம் அது. அதில் பித்தின் சாயல் எங்கும் இல்லை. தொல்காப்பியரின் பட்டியலில் தேடினால் குடிகோள் என்ற இடத்தில் அது பொருந்தி நிற்கிறது: குடியைக் கெடுத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் தந்த அறிக்கை, தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய முறையையே பின்பற்றியது. மக்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்று அது அளக்கவில்லை. வேளாண்மை இழப்பு, நீர்க்கேடு, உடல்நலக் கேடு, கூலி இழப்பு என்று நேர்ந்த தீங்குகளை வரிசைப்படுத்தி, மொத்தம் 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் சினத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் சூட்ட முடியாது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாக் கோபத்துக்கும் இப்படி ஒரு தீங்கு பின்னால் இருக்குமா என்று கடைசியாகக் கேட்கலாம். இருக்காது. பொய்ச்செய்தி கேட்டு வெகுண்ட கூட்டம் உண்டு. அடுத்த சாதியான் நன்றாக உடுத்தினாலே சினப்பவன் உண்டு. அவர்களுக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று கேட்டால் விடை வராது. அந்தக் கோபத்தைப் பிரித்தறியவும் உதவுவது அதே கேள்விதான். நம் எல்லைக்கும் அந்தக் கேள்வி தேவை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டும். வரத்துக் குறையும் கோடையில் எல்லையின் இருபுறமும் குரல் உயரும்போது, எதிர்ப்புறத்தாரின் கோபத்தை வெறி என்றும் நம் கோபத்தை உணர்வு என்றும் எழுதுவது எளிது. எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது, யாருடைய வயல் காய்ந்தது என்று எழுதுவதற்கு உழைப்பு வேண்டும்.

செய்தி எழுதும் இளைஞர்களும் மனு வாங்கும் அலுவலர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ‘ஆத்திரமடைந்த’ என்று எழுதும் முன், அவர்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை அதே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கேட்டு அறிந்து வந்து எழுதுங்கள். பிளாச்சிமடாவைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்: மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்தார்; இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை, சட்டமாகவும் இல்லை.